லூபெக் மரியா தேவாலயம்: கேளுங்கள், சொல்கிறேன்

கே: சார், ஊரிலேயே பெரிய கோயில் பிஷப்புடையதாகத்தானே இருக்கும்? வட ஜெர்மனியின் லூபெக்கில் மட்டும் ஏன் மாறிப்போனது?

ப: பிஷப்பின் பேராலயம் ஊரின் தெற்கு ஓரத்தில் இருக்கிறது, 1173இல் தொடங்கியது. மரியா தேவாலயமோ சந்தைக்கும் நகர மன்றத்துக்கும் பக்கத்திலேயே நிற்கிறது. அதை எழுப்பியது உப்பும் ஹெர்ரிங் மீனும் விற்றுச் சேர்த்த ஹன்சா (வட ஐரோப்பிய வணிக நகரங்களின் கூட்டணி) வணிகர்களின் காசு. மன்றத்தின் முக்கியப் பத்திரங்களைக்கூட இதற்குள் ஓர் அறையில்தான் பூட்டி வைத்தார்கள். பிஷப்பைவிட நாங்கள் பெரியவர்கள் என்று வாயால் சொல்லாமல் 125 மீட்டர் உயர இரட்டைக் கோபுரமாகக் கட்டிக் காட்டிவிட்டார்கள் என்பேன்.

கே: கல்லை விட்டுவிட்டுச் செங்கல்லில் ஏன் கட்டினார்கள் அண்ணா?

ப: பக்கத்தில் நல்ல கட்டடக்கல் கிடையாது, களிமண் தாராளம். பிரான்சில் கல்லில் செய்த, கூர்வளைவுகளோடு உயர எழும் கோதிக் பாணியைச் செங்கல்லில் முயன்றார்கள். நடுக்கூடத்தின் வளைகூரை 38.5 மீட்டர் உயரம், செங்கல் வளைகூரையில் உலகிலேயே இதுதான் உயரம்.

கே: இசையமைப்பாளர் பாக் இங்கே நடந்தே வந்தாராமே?

ப: ஆமாம். 1705இல், இருபது வயதில், தான் வேலை பார்த்த ஆர்ன்ஸ்டாட் ஊரிலிருந்து சுமார் 400 கிலோமீட்டர். இங்கே ஆர்கன் வாசித்த புக்ஸ்டஹூடவைக் கேட்கத்தான். நாலு வாரம் லீவு கேட்டவர் நாலு மாதம் கழித்துத்தான் திரும்பினார், வேலை கொடுத்தவர்கள் கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள்.

கே: சுவரோவிய மோசடி பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்களேன்.

ப: இதற்காகத்தான் காத்திருந்தேன்! 1942 குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின இரவு பிரிட்டிஷ் விமானங்கள் குண்டு போட்டதில் கோயில் எரிந்தது, அந்தச் சூட்டில் சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்து அடியில் இருந்த இடைக்கால ஓவியங்கள் வெளியே தெரிந்தன. போருக்குப் பிறகு சீரமைப்பை டீட்ரிஷ் ஃபே எடுத்துக்கொள்ள, அவரிடம் லோதர் மால்ஸ்காட் தூரிகை பிடித்தார். பல இடங்களில் மிச்சமே இல்லை, அதனால் மனிதர் புதிதாகவே வரைந்து தள்ளிவிட்டார். 1951இல் பெரிய விழா, அஞ்சல்தலை எல்லாம். புகழெல்லாம் டீட்ரிஷ் ஃபேவுக்கே போனது. பொறுக்காத மால்ஸ்காட் மறு வருடம் 'அது நான் வரைந்தது' என்று தானே சொன்னார், நிபுணர்கள் நம்பவில்லை! கடைசியில் தன் மேலேயே புகார் கொடுத்து, வழக்கு நடந்து, இருவரும் சிறைக்குப் போனார்கள். திருட்டை நிரூபிக்கத் திருடனே அலைந்த வழக்கு வேறு எங்காவது உண்டா?

கே: உடைந்த மணிகளை ஏன் அப்படியே போட்டிருக்கிறார்கள்?

ப: அதே தீயில் தெற்குக் கோபுரத்திலிருந்து விழுந்தவை. போரின் நினைவாக, விழுந்த இடத்திலேயே விட்டுவிட்டார்கள்.

கே: வாசலில் சாத்தான் சிலை எதற்கு?

ப: ஊர்க்கதை. மதுக்கூடம் கட்டுகிறார்கள் என்று நினைத்துச் சாத்தான் செங்கல் சுமந்தானாம். கோயில் என்று தெரிந்ததும் இடிக்கப் பாறையைத் தூக்கினானாம். பக்கத்திலேயே மதுக்கூடமும் கட்டித் தருகிறோம் என்று சமாதானப்படுத்தினார்களாம். நகர மன்றத்துக்கு அடியில் இருக்கும் மது நிலவறைதான் அது என்பார்கள்.