‘ஏதாவது வந்துச்சா?’

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகளுக்குப் பதினேழு முடிந்து பதினெட்டு நடக்கிறது. பள்ளி முடிந்துவிட்டது. தேர்வு முடிவு வர இன்னும் ஐந்து வாரம். ஆசைப்பட்ட பல்கலைக்கழகத்தில் காத்திருப்புப் பட்டியலில் இருக்கிறாள். இன்னோர் இடத்தில், இத்தனை மதிப்பெண் வந்தால் இடம் உண்டு என்று நிபந்தனையோடு தந்திருக்கிறார்கள். அங்கே முன்பணம் கட்ட இன்னும் 12 நாள்தான். எந்தப் பாடம் என்பதிலேயே அவளுக்குக் குழப்பம். உளவியல் என்றாள், போன வாரம் புவியியல் என்றாள். என் கணவர் கணினியியலை விட்டு இறங்க மாட்டேன் என்கிறார். அவள் மதியம் வரை தூங்குகிறாள், வாயைத் திறந்தால் சண்டை. நான் ஒன்றுமே கேட்பதில்லை, ‘ஏதாவது வந்துச்சா?’ என்று மட்டும்தான் கேட்கிறேன். அதற்கே கதவை அறைந்து சாத்துகிறாள்.

இன்னொன்று. விண்ணப்பித்தபோது பாஸ்வேர்டை என்னிடம் தந்திருந்தாள். அவளுக்குத் தெரியாமல் தினமும் போர்ட்டலைத் திறந்து பார்க்கிறேன். நேற்று அவளுடைய காத்திருப்பு எண் 41-லிருந்து 38 ஆகியிருந்தது. சொல்வதா வேண்டாமா?

க.

அன்புள்ள க.,

பாஸ்வேர்டுக்குக் கடைசியில் வருகிறேன். 12 நாள் கெடு ஓடிக்கொண்டிருக்கிறது, முதலில் அது.

குழப்பம் என்று நீங்கள் எழுதியிருப்பதற்குள் நான்கு தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன: தேர்வு முடிவு, காத்திருப்புப் பட்டியல், பாடம், பணம். முதல் இரண்டும் உங்கள் வீட்டில் யார் கையிலும் இல்லை. மூன்றாவது அவள் கையில் இருக்கிறது, நான்காவது பெற்றோர் கையில். நான்கையும் சேர்த்துப் பிசைந்து வைத்திருப்பதால்தான் எதைத் தொட்டாலும் எல்லாவற்றையும் பேச வேண்டியதாகிறது. ஒரு தாளில் நான்கு பத்திகள் போடுங்கள்: தெரிந்தது, தெரியாதது, எந்தத் தேதியில் தெரியவரும், அதுவரை செய்ய வேண்டியது. மூன்றாவது பத்தியைக் காலியாக விடாதீர்கள். தேதி தெரியாவிட்டால், எந்தத் தேதியில் கேட்டுத் தெரிந்துகொள்ளப் போகிறோம் என்றாவது எழுதுங்கள். இந்தத் தவிப்பை நீங்கள் இல்லாமல் ஆக்க முடியாது. ஆனால் எதற்கு எந்த நாள், பேச எவ்வளவு நேரம், செலவழிக்க எவ்வளவு தொகை என்று எல்லை கட்டலாம். இந்த ஐந்து வாரத்தில் உங்கள் வேலை அதுதான்.

காத்திருப்புப் பட்டியலில் இருப்பவர்கள் மதிப்பெண்ணால் மட்டுமல்ல, தேதிகள் மோதிக்கொள்வதாலும் கோட்டை விடுவதுண்டு. இரண்டாவது விருப்பத்தில் பணம் கட்டும் கெடு முதலில் வந்துவிடும், முதல் விருப்பத்தின் பட்டியல் அதற்குப் பிறகுதான் நகரும். காரணம் எளிது. இடம் கிடைத்தவர்களில் யாராவது வேண்டாம் என்றால்தான் பட்டியல் நகரும், அவர்களும் தங்கள் கடைசித் தேதி வரை பிடித்துவைத்திருப்பார்கள். அதனால் பெரும்பாலும் கெடு முடிந்த சில நாட்களிலும், தேர்வு முடிவு வந்த பிறகும் மொத்தமாக நகரும். நடுவில் 41 என்பது 38 ஆவதை வைத்து எதையும் கணிக்க முடியாது.

இரண்டு பல்கலைக்கழகங்களுக்கும் இந்த வாரமே மெயில் போக வேண்டும். ஓரிடத்தை ஏற்றுக்கொண்டால் மற்ற இடத்தின் காத்திருப்பு எண் நிற்குமா, ரத்தாகுமா? முன்பணத்தில் எவ்வளவு, எந்தத் தேதி வரை திரும்பக் கிடைக்கும்? மதிப்பெண் நிபந்தனைக்குச் சற்றே குறைந்து மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பித்தால் முடிவு வரும்வரை இடத்தை வைத்திருப்பார்களா? விடுதி அறை தருவது விண்ணப்பித்த வரிசையிலா, பணம் கட்டிய வரிசையிலா? முதல் கேள்விக்கு விடை தெரியாமல் போர்ட்டலில் ஏற்கிறேன் பட்டனை அழுத்தக் கூடாது. சில சேர்க்கை முறைகளில் அந்தக் கணமே மற்ற விண்ணப்பங்கள் தானாக விழுந்துவிடும், சிலவற்றில் விழாது. அதே சமயம், பதில் சொல்லாமல் இருப்பதைப் பல இடங்களில் மறுப்பாகவே எடுத்துக்கொள்வார்கள்.

மெயிலை எழுத வேண்டியவள் அவள். நீங்கள் பக்கத்தில் உட்காரலாம், கீபோர்டைத் தொடக் கூடாது. பெயர், விண்ணப்ப எண், பாடப்பிரிவு, பிறகு எண்ணிட்ட கேள்விகள், அவ்வளவு போதும். நம் நிலைமையை விளக்கும் பத்தி எதுவும் வேண்டாம், அதைப் படிக்க அங்கே யாருக்கும் நேரம் இல்லை. இரண்டு வேலை நாளில் பதில் வராவிட்டால் அவளே போன் செய்யட்டும். போனில் கிடைத்த பதிலை, ‘தாங்கள் கூறியதை இவ்வாறு புரிந்துகொண்டேன்’ என்று அன்றே மெயிலில் போட்டுவிட வேண்டும். வாய்வார்த்தையை நம்பி முன்பணத்தைத் தொலைப்பது சாதாரணமாக நடக்கிறது.

இங்கே ஒரு சின்ன விஷயம் பலரைக் கவிழ்த்திருக்கிறது. விண்ணப்பத்தில் எந்த மெயில் முகவரி கொடுத்தாள் என்று பாருங்கள். பள்ளி கொடுத்த முகவரி என்றால், பள்ளி முடிந்த சில வாரங்களில் அது மூடப்படலாம். இடம் கிடைத்த கடிதம் செத்த முகவரிக்குப் போகும், குறித்த கெடுவுக்குள் பதில் இல்லையென்று அடுத்தவருக்குத் தந்துவிடலாம். முகவரியை இன்றே சொந்த மெயிலுக்கு மாற்றச் சொல்லுங்கள். ஓடிபி அப்பாவின் போனுக்குப் போகிறதென்றால் அதையும் மாற்ற வேண்டும். அடையாள அட்டையிலும் பள்ளிச் சான்றிதழிலும் பெயரின் எழுத்துகள், பிறந்த தேதி ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒரு முறை வைத்துப் பாருங்கள். திருத்தம் வாங்க வாரக்கணக்கில் ஆகும், சேர்க்கை நாளன்று கண்டுபிடித்தால் ஒன்றும் செய்ய முடியாது.

இனி கதவுக்கு வருவோம். ‘ஏதாவது வந்துச்சா?’ என்பது உங்களுக்கு ஒரு கேள்வி. அவளுக்கு அப்படி இல்லை. ஏதாவது வந்திருந்தால் அவளே ஓடிவந்து சொல்லியிருப்பாள், வரவில்லை என்பது கேட்கிறவருக்கும் தெரியும். தெரிந்தும் கேட்டால், அவள் காதில் விழுவது ‘இன்னும் வரலையே’ என்பதுதான். காலையில் ஒரு தடவை, சாப்பிட உட்காரும்போது ஒரு தடவை, அப்பா வேலையிலிருந்து வந்ததும் அவர் பங்குக்கு ஒரு தடவை. நாளுக்கு மூன்று என்றால் ஐந்து வாரத்தில் நூறைத் தாண்டும்.

வாரத்தில் ஒரு நாள், ஒரே நேரம், 30 நிமிடம் ஒதுக்குங்கள். எந்த நாள், எந்த நேரம் என்பதை அவள் தேர்ந்தெடுக்கட்டும், காலை வேளையாக இருக்காது. அந்தத் தாளை முன்னால் வைத்து அவளே தொடங்க வேண்டும். முதலில் தேதிகள், பிறகு பணம், பிறகு அதிகபட்சம் ஒரே ஒரு முடிவு. நேரம் முடிந்தால் பாதியில் நின்றாலும் எழுந்துவிடுங்கள். நீங்கள் எழுந்திருக்க மாட்டீர்கள் என்று தெரிந்தால் அடுத்த வாரம் உட்காரவே வரமாட்டாள். மற்ற ஆறு நாளும் சேர்க்கை பற்றிப் பேச்சே கிடையாது. கடிதம் வந்தால், அல்லது ஏதாவது ஒரு கெடுவுக்கு 48 மணி நேரத்துக்கும் குறைவாக இருந்தால் மட்டும் விதிவிலக்கு. இந்த ஏற்பாடு வழக்கமாக இரண்டாவது வாரத்தில் உடையும், உடைப்பது பெற்றோர்தான். ‘ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன்’ என்று தொடங்கும். நாக்கில் வரும்போது அதை அந்தத் தாளின் ஓரத்தில் எழுதிவையுங்கள். உட்காரும் நாள் வரும்போது எழுதியதில் பாதியை நீங்களே அடித்துவிடுவீர்கள்.

மதியம் வரை தூங்குவது பற்றி. பதின்ம வயதில் தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் இரவில் தாமதமாகவே சுரக்கிறது, உடல் கடிகாரம் ஒன்றிரண்டு மணி நேரம் பின்னால் தள்ளிப்போகிறது. 13 முதல் 18 வயது வரை நாளுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. இரவு 2 மணிக்குப் படுத்தால் மதியத்தை ஒட்டி எழுவது கணக்குக்குச் சரிதான். எழும் நேரத்தை இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை அரை மணி நேரம் முன்னால் இழுக்கலாம். எழுந்ததும் வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் இருந்தால் கடிகாரம் திரும்பும். சீக்கிரம் படு என்று சொல்லிப் பயனில்லை, தூக்கம் வராது.

ஆனால் வேறொன்றைக் கவனியுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் அநேகமாகத் தினமும் சோர்வாகவே இருந்தால், பிடித்த எதிலும் நாட்டம் இல்லையென்றால், தோழிகளின் அழைப்பையும் எடுக்கவில்லையென்றால், சாப்பாடு சட்டென்று குறைந்தால் அல்லது கூடினால், சேர்க்கை முடியட்டும் என்று காத்திராமல் மருத்துவரிடம் போங்கள். இருந்து என்ன ஆகப்போகிறது என்கிற மாதிரிப் பேச்சு வந்தால், ‘சாகணும்னு தோணுதா?’ என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆம் என்றால் தனியே விடாதீர்கள், அன்றே உதவி தேடுங்கள்.

பாடத்தைப் பற்றி உங்கள் கணவரிடம் சில சொற்கள். 1966-ல் ஜேம்ஸ் மார்சியா என்ற உளவியலாளர் இந்த வயதுக்காரர்களை நான்கு நிலைகளில் வைத்தார். தேடிப் பார்க்காமலே பெற்றோர் சொன்னதைப் பிடித்துக்கொண்டவர்கள் ஒரு நிலை. முடிவெடுக்காமல் தேடிக்கொண்டிருப்பவர்கள் இன்னொரு நிலை. பின்னவர்கள் பதற்றமாகத் தெரிவார்கள், முன்னவர்கள் அமைதியாக. அந்த அமைதியைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டாம். வாரத்துக்கு வாரம் பாடம் மாற்றுகிற மகள் தேடிக்கொண்டிருக்கிறாள்.

தேடுவதற்கும் முறை உண்டு. பாடத்தின் பெயரை வைத்து யாரும் எதையும் தெரிந்துகொள்ள முடியாது. மூன்று துறைகளின் முதலாண்டு, இரண்டாமாண்டுப் பாடப் பட்டியலையும் இறக்கி அருகருகே வையுங்கள். உளவியலில் புள்ளியியல் இவ்வளவா என்று அவள் திகைப்பாள். கணினியியலின் தொடக்கத்தில் எவ்வளவு கணிதம் என்று அப்பாவே திகைக்கலாம். புவியியலில் வரைபட மென்பொருளும் தரவும் கணிசமாக வரும். அதாவது மூன்றும் தரவு, புள்ளியியல் என்கிற இடத்தில் தொட்டுக்கொள்கின்றன, வீட்டில் நடக்கும் சண்டை அளவுக்கு அவற்றுக்குள் தூரம் இல்லை. பிறகு ஒவ்வொன்றுக்கும் ஒரு முதலாண்டு விரிவுரையை இணையத்தில் பார்த்து, அதன் பயிற்சிக் கணக்கு அல்லது கட்டுரையில் ஒன்றை முயன்று பார்க்கட்டும், இரண்டிரண்டு மணி நேரம். பிடித்ததா என்று உடனே கேட்காதீர்கள். எதில் நேரம் போனது தெரியவில்லை என்று உட்காரும் நாளில் கேளுங்கள். சேர்ந்தபின் துறை மாற முடியுமா, எந்தத் தேதிக்குள், என்ன மதிப்பெண்ணோடு என்பதையும் விசாரியுங்கள். போட்டி அதிகமுள்ள துறையிலிருந்து வெளியே வருவது பொதுவாக எளிது, உள்ளே போவது கடினம். அப்பாவும் அம்மாவும் ஒத்துப்போகாத இடத்தை அவள் முன்னால் தீர்க்க வேண்டாம்.

பணத்தில் மிகக் கெடுதலான வாக்கியம், ‘அதப் பத்தி நீ கவலைப்படாத’ என்பது. தொகை தெரியாதவள் தானாக ஒன்றைக் கற்பனை செய்துகொள்வாள், அது பெரும்பாலும் குற்றவுணர்ச்சியில் முடியும். ஆண்டுக்கு எங்களால் இவ்வளவு முடியும், மீதிக்குக் கடன் அல்லது உதவித்தொகை என்று எண்ணாகச் சொல்லுங்கள். முதலாண்டுக் கட்டணத்தை நான்கால் பெருக்குவது தப்புக் கணக்கு. முதலாண்டு 100 என்றும் ஆண்டுக்கு 8 சதவீதம் ஏறுகிறது என்றும் வையுங்கள். நான்காமாண்டில் அது 126 ஆகிவிடும், மொத்தம் 400-க்குப் பதில் 451. விடுதி, பயணம், கருவிகள், முதல் மாதத்தில் மட்டும் வரும் மொத்தச் செலவு ஆகியவை தனி. கடனென்றால் படிக்கும் காலத்திலும் வட்டி ஏறுமா என்று கேளுங்கள். உதவித்தொகையென்றால் அடுத்த ஆண்டும் தொடர என்ன மதிப்பெண் வேண்டும் என்று கேளுங்கள். அதை இழந்தால் கட்டிக்கொள்ள முடியாத இடமென்றால் இப்போதே வேண்டாமென்று வைப்பது நல்லது.

எங்குமே கிடைக்காமல் போனால் என்ன என்பதற்கும் தாளில் ஒரு வரி இருக்கட்டும். ஓராண்டு காத்திருப்பதென்றால் எழும் நேரம், வெளியாள் ஒருவருக்குப் பதில் சொல்ல வேண்டிய ஒரு வேலை அல்லது வகுப்பு, மறுபடி விண்ணப்பிக்கும் தேதி, இந்த மூன்றும் வேண்டும். கிடைத்த இடத்தையே ஓராண்டு தள்ளிவைக்க நினைத்தால், அதற்குத் தனியே விண்ணப்பித்து ஒப்புதல் வாங்க வேண்டும். உதவித்தொகை கூடவே தள்ளிவராமல் போகலாம்.

இப்போது பாஸ்வேர்ட். சொல்லுங்கள், இன்றைக்கே. அவள் எழுந்து முகம் கழுவி வந்த பிறகு, அப்பா இல்லாத நேரத்தில், ‘உனக்குத் தெரியாம தினமும் போர்ட்டலப் பாத்துட்டிருந்தேன். தப்புதான். பாஸ்வேர்ட மாத்திடு’ என்று சொல்லிவிட்டு நிறுத்துங்கள். பயத்தில்தான் பார்த்தேன், உன் நல்லதுக்குத்தான் என்று வால் சேர்க்காதீர்கள். வால் சேர்ந்தால் மன்னிப்பு, விவாதமாகிவிடும். கோபப்படுவாள், கதவு இன்னொரு முறை சாத்தப்படும். 38 என்ற எண்ணை நீங்களாகச் சொல்ல வேண்டாம், கேட்டால் மறைக்கவும் வேண்டாம். புதிய பாஸ்வேர்டை உங்களிடம் தருவதா என்பது அவள் விருப்பம். தராவிட்டால், எந்தக் கிழமைகளில் அவள் போர்ட்டலைப் பார்ப்பாள் என்பதை மட்டும் தாளில் எழுதச் சொல்லுங்கள். வாரத்துக்கு இரண்டு நாள் இப்போதைக்குப் போதும், முன்பணக் கெடுவுக்கு முந்தைய மூன்று நாளும், தேர்வு முடிவுக்குப் பிந்தைய வாரமும் மட்டும் தினமும் இருக்கட்டும்.