மனிதக் கடத்தலின் பாதிப்புகள் என்ன? அதை எப்படி எதிர்ப்பது?

மீட்கப்பட்டவர்கள் தங்கும் காப்பகம் ஒன்றில் சில ஆண்டுகளாக உதவி வருகிறேன். அங்கே பார்த்ததை வைத்தே இந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறேன்.

உடம்பில் பட்ட அடியும் நோயும் வெளியே தெரியும், வைத்தியமும் கிடைத்துவிடும். வெளியே தெரியாததுதான் ஆளை உருக்குலைக்கிறது. புதிதாக வருகிறவர்களில் சிலர் குளியலறைக்குப் போகக்கூட எழுந்து நின்று அனுமதி கேட்பார்கள். "கேட்கவே வேண்டாம்மா, நீங்க பாட்டுக்குப் போகலாம்" என்று எத்தனை முறை சொன்னாலும், அடுத்த முறையும் கேட்பார்கள். விளக்கை அணைத்தால் தூங்க முடியாதவர்களும் உண்டு.

நடந்ததைச் சொல்வது இன்னும் கஷ்டம். போலீஸ், டாக்டர், வக்கீல் என்று ஆளாளுக்கு அதே கதையைக் கேட்பார்கள். அதிர்ச்சிக்கு ஆளானவர்களுக்கு நாள், வரிசை எல்லாம் குழம்புவது இயல்பு. ஆனால் குறுக்கு விசாரணையில் அந்தக் குழப்பத்தையே பிடித்துக்கொண்டு "பொய் சொல்கிறாள்" என்று நிறுவப் பார்க்கிறார்கள். முதல் வாக்குமூலத்தையே பயிற்சி பெற்ற ஒருவர் அவசரப்படாமல் பதிவு செய்து, மற்றவர்கள் அதைப் பயன்படுத்திக்கொண்டால் இந்தக் கொடுமை பாதி குறையும்.

அப்புறம் கடன். இதைப் பற்றித்தான் யாரும் அதிகம் பேசுவதில்லை. ஏஜென்ட் கமிஷனுக்காகக் குடும்பம் வாங்கிய கடன், ஆள் மீட்கப்பட்ட பிறகும் வட்டியோடு வளர்ந்துகொண்டே இருக்கும். உழைத்த கூலியும் கைக்கு வந்திருக்காது. வெறுங்கையோடு வீடு திரும்புகிறவர், கொஞ்ச நாளில் அதே மாதிரி இன்னொரு ஏஜென்டிடம் போய் நிற்கிறார். எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2024ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, கட்டாய உழைப்பால் ஆண்டுதோறும் கிடைக்கும் சட்டவிரோத லாபம் 23,600 கோடி டாலர். குற்றவாளியின் சொத்தை முடக்கி, அதிலிருந்து பாக்கிக் கூலியும் இழப்பீடும் கொடுப்பதுதான் மறுவாழ்வின் முதல் படி என்பேன். தையல் பயிற்சியும் கவுன்சலிங்கும் அப்புறம் வரட்டும்.

"சம்மதித்துத்தானே போனார்கள்?" என்று கேட்பவர்கள் உண்டு. மனிதக் கடத்தலைத் தடுக்க ஐ.நா. 2000இல் ஏற்றுக்கொண்ட பலெர்மோ நெறிமுறை என்ற சர்வதேச உடன்பாடு இதற்குத் தெளிவாகவே பதில் சொல்கிறது: ஏமாற்றியோ மிரட்டியோ பெற்ற சம்மதம் செல்லாது. குழந்தைகள் விஷயத்தில் ஏமாற்றினார்களா, மிரட்டினார்களா என்றுகூடப் பார்க்க வேண்டியதில்லை. சுரண்டுவதற்காக அழைத்துப் போனாலே அது கடத்தல்தான்.

கட்டாயத்தின் பேரில் செய்த குற்றத்துக்காகப் பாதிக்கப்பட்டவரையே தண்டிக்கும் வழக்கமும் ஒழிய வேண்டும். கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போய், ஆன்லைன் மோசடி மையங்களில் அடைக்கப்பட்டவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். மியான்மரில் மட்டும் குறைந்தது 1,20,000 பேர் இப்படிச் சிக்கியிருக்கக்கூடும் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023இல் சொன்னது. தப்பி வந்தால் கைது செய்வார்கள் என்ற பயம் இருக்கும்வரை அவர்கள் எப்படி உதவி கேட்பார்கள்?

தனி மனிதராக நீங்கள் செய்யக்கூடியதும் உண்டு. வெளிநாட்டு வேலைக்குப் போகிறவரிடம், ஒப்பந்தத்தை அவருக்குத் தெரிந்த மொழியில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். பாஸ்போர்ட், விசா நகல்கள் வீட்டில் இருக்கட்டும். சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று ஏஜென்ட் சொன்னால் கிளம்பவே வேண்டாம்.

யாரோ அடைத்து வைக்கப்பட்டிருப்பதாகச் சந்தேகம் வந்தால், நீங்களே போய் முதலாளியிடம் சண்டை போடாதீர்கள். ஒரே இரவில் ஆட்களை இடம் மாற்றிவிடுவார்கள், அடியும் அவர்களுக்குத்தான் விழும். எந்த இடம், எத்தனை பேர், எந்த நேரத்தில் என்ன பார்த்தீர்கள் என்று குறித்துவைத்து, உடனே போலீசிடமோ உதவி எண்ணிலோ சொல்லுங்கள்.

மீண்டு வந்தவர் உங்கள் பக்கத்து வீட்டிலேயே இருக்கலாம். "ஏன் ஓடி வரலை?" என்று மட்டும் கேட்காதீர்கள். வீட்டிலிருக்கும் குழந்தைகளுக்கு ஆபத்து வரும் என்று மிரட்டப்பட்டதால் வாய் திறக்காமல் இருந்தவர்கள் பலர். அவருக்கு ஒழுங்கான சம்பளத்தில் ஒரு வேலை தேடித் தர உங்களால் முடியுமானால், தேடித் தாருங்கள்.