பழைய ஐரோப்பிய வரைபடங்களில் கடல் பூதங்களை வெறும் அழகுக்காகத்தான் வரைந்தார்களா?

அழகும் ஒரு காரணம்தான். அது மட்டும்தான் காரணம் என்றால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எனக்கு ரொம்பப் பிடித்த 'கார்ட்டா மரீனா' என்ற வரைபடத்தை வைத்தே சொல்கிறேன். ஸ்காண்டிநேவியா, ஐஸ்லாந்து, பால்டிக் கடல் எல்லாம் அடங்கிய படம். ஒன்பது மரக்கட்டைகளில் செதுக்கி 1539இல் வெனிஸில் அச்சிட்டார்கள். தாள்களைச் சேர்த்து வைத்தால் அகலம் 1.70 மீட்டர், உயரம் 1.25 மீட்டர்.

உருவாக்கியவர் ஒலாவுஸ் மாக்னுஸ், சுவீடன் நாட்டுக் கத்தோலிக்கப் பாதிரியார். கத்தோலிக்கத் திருச்சபையை எதிர்த்து எழுந்த மார்ட்டின் லூத்தரின் சீர்திருத்தம் அங்கே வேரூன்றியதும் ஊர் திரும்ப வழியில்லாமல் போலந்திலும் இத்தாலியிலும் வாழ்ந்தவர். 12 வருடம் இதற்காக உழைத்திருக்கிறார். இளவயதில் சுவீடனின் வடகோடி வரை அலைந்தவர் என்பதால் ஸ்கீயில் போகும் வேட்டைக்காரர்கள், உறைந்த கடலைக் கடக்கும் குதிரைகள் என்று நிலப்பகுதியிலும் இண்டு இடுக்கு விடாமல் வரைந்திருக்கிறார்.

சரி, கடலுக்கு வருவோம். ஓரிடத்தில் ராட்சத மீன்கள் கப்பலை நெருங்குகின்றன. மாலுமிகள் பீப்பாய்களைக் கடலில் தள்ளுகிறார்கள், ஒருவர் எக்காளம் ஊதுகிறார். சத்தம் போட்டால் திமிங்கிலம் மிரளும், பீப்பாய் கிடைத்தால் அதோடு விளையாடப் போய்விடும் என்பது அன்றைய நம்பிக்கை. இதை அலங்காரம் என்று எப்படிச் சொல்வது? கடலோடிகளின் தற்காப்பு முறையையே மனிதர் படமாகப் போட்டிருக்கிறார்! நார்வேயின் லோஃபோட்டன் தீவுகளை ஒட்டி வரைந்திருக்கும் பெருஞ்சுழலும் கற்பனை இல்லை. கடலின் ஏற்ற இறக்கத்தால் உண்டாகும் மோஸ்க்ஸ்ட்ராவ்மன் என்ற அந்தச் சுழல் இன்றைக்கும் அங்கே இருக்கிறது.

என்னை அசர வைத்தது இன்னொன்று. ஐஸ்லாந்துக்குக் கிழக்கே, ஃபாரோ தீவுகள் பக்கமாகச் சுருள் சுருளாகக் கோடுகள் இழுத்திருக்கிறார். பார்த்தால் இடத்தை நிரப்ப வரைந்த அலைகள் போலத்தான் இருக்கும். ரோஸ்பி, மில்லர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் செயற்கைக்கோள் எடுத்த கடல் வெப்பநிலைப் படங்களோடு அவற்றை ஒப்பிட்டு 2003இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். வெதுவெதுப்பான அட்லாண்டிக் நீரும் ஆர்க்டிக்கின் குளிர்ந்த நீரும் மோதி, பெரிய பெரிய சுழிகள் உண்டாகும் இடம் அது. மாலுமிகள் சொன்னதைக் கேட்டுத்தான் மாக்னுஸ் அங்கே வரைந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் முடிவு. எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது.

எல்லாமே உண்மை என்று சொல்ல வரவில்லை. ஸ்காட்லாந்துப் பக்கம் ஆளையே கவ்விக்கொண்டிருக்கும் சிங்கி இறால் சுத்தமான கட்டுக்கதை. அப்புறம், அச்சான பிரதிகளில் அறியப்பட்டவை இரண்டே இரண்டு. 1886இல் மியூனிக்கில் கண்டெடுத்தது ஒன்று, இப்போது உப்சாலா பல்கலைக்கழக நூலகத்தில் இருப்பது மற்றொன்று. இணையத்தில் பெரிய அளவில் கிடைக்கிறது. பெரிதாக்கிப் பார்க்கும்போது பூதங்களோடு நிறுத்திவிடாமல் அந்தச் சுருள் கோடுகளையும் தேடிப் பாருங்கள்.