மீட்டர் நன்றாகத்தான் காட்டுகிறது, குரல்தான் போய்ச் சேரவில்லை!
(பொழுதுபோக்காக ரேடியோவில் பேசும் ஹாம் வானொலி: வாசகர் கேள்வி – பதில்)

கேள்வி: இரண்டு மீட்டர் அலைவரிசைக்கான (145 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) ஆன்டெனாவைக் கம்பத்தின் உச்சியில் வைத்திருக்கிறேன். அங்கிருந்து அறைக்கு 30 மீட்டர் ஆர்ஜி-58 என்ற மெல்லிய கேபிள் வருகிறது. மழைக்காலத்துக்கு முன் எஸ்.டபிள்யூ.ஆர். (அனுப்பிய சக்தி எவ்வளவு திரும்புகிறது என்பதைக் காட்டும் எண்; 1-ஐ நெருங்க நெருங்க நல்லது) 1.5 இருந்தது, இப்போது 1.2-க்கு இறங்கிவிட்டது. ஆனால் முன்பு தெளிவாகக் கேட்டவர்களே என் குரல் இரைச்சலில் மூழ்குகிறது என்கிறார்கள். ரேடியோவைப் பழுதுபார்க்கக் கொடுக்கலாமா?

பதில்: ரேடியோவைத் தொடாதீர்கள். 1.5 தானாக 1.2 ஆனது என்கிறீர்களே, கோளாறே அதுதான். கேபிளுக்குள் தண்ணீர் போயிருக்கிறது என்று நினைக்கிறேன்.

எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் ஆன்டெனாவைப் பார்ப்பதில்லை. மேலே போன சக்தியில் எவ்வளவு திரும்பி வந்தது என்பதை மட்டும்தான் அது பார்க்கிறது. ஆர்ஜி-58 புதிதாக இருந்தாலே, 145 மெகாஹெர்ட்ஸில் 30 மீட்டருக்கு ஏறக்குறைய 6 டெசிபலை, அதாவது முக்கால் பங்கு சக்தியை, விழுங்கிவிடும். நீங்கள் 50 வாட் அனுப்பினால் மேலே போய்ச் சேர்வது பன்னிரண்டு வாட்டுக்குச் சற்று மேல். ஆன்டெனாவே கழன்று விழுந்து, கேபிளின் முனை அந்தரத்தில் தொங்குகிறது என்று வையுங்கள். அந்தப் பன்னிரண்டும் அப்படியே திரும்பினாலும், வரும் வழியில் மறுபடி முக்கால் பங்கு கரைந்து, மூன்று வாட்தான் மீட்டருக்கு வரும். மீட்டர் 1.7 என்று காட்டும். ஆன்டெனா இல்லாமலே 1.7! நனைந்த கேபிளில் இழப்பு 10 டெசிபலைத் தொட்டால் (பத்தில் ஒன்பது பங்கு போனால்), அதே வெற்று முனைக்கு 1.2 காட்டும். நல்ல எண்ணைப் பார்த்துச் சந்தோஷப்படுபவர்களிடம் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சோதிப்பது சுலபம். மேல் முனையில் ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு, அதற்குப் பதிலாகச் சக்தியை வெப்பமாக விழுங்கும் டம்மி லோடைப் போடுங்கள். வாட் மீட்டரை முதலில் ரேடியோவின் பக்கத்திலும், பிறகு மேலே டம்மி லோடுக்கு முன்னாலும் வைத்து அளந்து பாருங்கள். நாலில் ஒரு பங்குகூட மேலே போய்ச் சேரவில்லையென்றால் கேபிள் போய்விட்டது. கேபிள் போட்ட அன்றே இந்த அளவை எடுத்துத் தேதியோடு குறித்துவைப்பது என் வழக்கம். பிறகு சந்தேகம் வரும்போது ஒப்பிட அந்த எண் கையில் இருக்கும்.

சந்தேகம் உறுதியானால் மேல் கனெக்டரை வெட்டி எடுத்து, வெளியுறையைக் கத்தியால் ஓர் அங்குலம் சீவிப் பாருங்கள். உள்ளே இருக்கும் கம்பிப் பின்னல் பளபளவென்று இருக்க வேண்டும். கறுத்தோ, பச்சை பூத்தோ இருந்தால் இன்னும் ஓர் அடி தள்ளி வெட்டிப் பாருங்கள். பின்னல் இழைகளின் சந்து வழியாகத் தண்ணீர் தானே ஊறிக்கொண்டு போகும். நுனியை மட்டும் நறுக்கிவிட்டுப் புதுக் கனெக்டர் போட்டால் போதும் என்று தேற்றிக்கொள்ளாதீர்கள். மொத்தத்தையும் மாற்றுங்கள். மாற்றும்போது ஆர்ஜி-213 போன்ற தடித்த கேபிளாக வாங்குங்கள். அதே 30 மீட்டரில், அனுப்புவதில் பாதிக்குச் சற்றுக் கூடுதலாகவே மேலே போய்ச் சேரும்.

கேபிள் முனையில் போடும் பிஎல்-259 கனெக்டர் தண்ணீரைத் தடுக்காது. அதைத் தடுக்க வைப்பது நம் வேலை. முதலில் இன்சுலேஷன் டேப் ஒரு சுற்று. பிறகு பிரிக்க வேண்டி வந்தால் கனெக்டர் பிசுபிசுக்காமல் இருக்க இது உதவும். அதன்மேல் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை நன்றாக இழுத்துச் சுற்றுங்கள். வெயில் அதைத் தின்னாமல் இருக்க மறுபடி இன்சுலேஷன் டேப். இந்தக் கடைசிச் சுற்றைக் கீழிருந்து மேலாகச் சுற்றினால், கூரை ஓடு போல மேல்மடிப்பு கீழ்மடிப்பை மூடி, தண்ணீர் வழிந்தோடிவிடும். வினிகர் வாடை அடிக்கும் சிலிகானை மட்டும் அங்கே பூசாதீர்கள். அது செம்பை அரிக்கும். கேபிள் சுவருக்குள் நுழையும் இடத்தில் கீழ்நோக்கி ஒரு வளைவு தொங்கட்டும். இல்லாவிட்டால் கேபிளைப் பிடித்துக்கொண்டே மழை வீட்டுக்குள் வரும்.

கேள்வி: 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு டைபோல் (நடுவில் கேபிள் சேரும், இரு பக்கமும் நீளும் கம்பி ஆன்டெனா) கட்டினேன். எஸ்.டபிள்யூ.ஆர். மிகக் குறைவாக இருப்பது 6.9-இல். எவ்வளவு வெட்ட வேண்டும்?

பதில்: கம்பி தேவைக்கு மேல் நீளமாக இருக்கிறது. 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மொத்த நீளம் மீட்டரில் கிடைக்கும். 6.9-க்கும் 7.1-க்கும் இடையே ஏறக்குறைய 58 சென்டிமீட்டர் வித்தியாசம், பக்கத்துக்கு 29. ஆனால் வெட்ட வேண்டாம். முதலில் இரு நுனிகளிலும் 20 சென்டிமீட்டர் மடித்து, அதே கம்பியோடு ஒட்ட முறுக்கிவிட்டு, மேலே ஏற்றி அளந்து பாருங்கள். உயரம் மாறினால் எண்ணும் மாறும். தரைக்கு அருகே வைத்து அளந்து வெட்டியவர்கள் பிறகு கம்பியை ஒட்டுப்போட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: 12 மீட்டர் கம்பம், மூன்று திசைகளில் ஸ்டே கம்பி (கம்பம் சாயாமல் இழுத்துப் பிடிப்பது). அந்தக் கம்பியின் நுனியை மடித்து இறுக்க யு-போல்ட் கிளாம்ப் ஒன்று போதுமா? நானே ஏறி ஆன்டெனாவை மாட்டலாமா?

பதில்: ஒன்று போதாது, மூன்று போடுங்கள். எந்தப் பக்கம் திருப்பிப் போடுகிறீர்கள் என்பதும் முக்கியம். கம்பி வளையத்தைச் சுற்றித் திரும்பும் இடத்தில் இரண்டு இழை இருக்கும்: ஒன்று பாரம் தாங்குவது, மற்றது வெட்டுப்பட்ட வால். கிளாம்பின் தட்டையான, வரிபோட்ட சேணம் பாரம் தாங்கும் இழைமேல் உட்கார வேண்டும். வளைந்த போல்ட் வாலின் மேல். மாற்றிப் போட்டால் போல்ட் பாரக்கம்பியை நசுக்கும், பலம் குறைந்துவிடும். இழுவை ஏறியபின் நட்டுகளை மறுபடி முடுக்குங்கள். கம்பியை இழுத்து இறுக்கும் திருகான டர்ன்பக்கிள் காற்றின் அதிர்வில் தானே அவிழாமல் இருக்க, அதன் நடுவே ஒரு கம்பியைக் கோத்துக் கட்டிவிடுங்கள். மரத்தில் ஸ்டே கட்டாதீர்கள். மரம் ஆடும், கம்பமும் கூடவே ஆடும்.

ஏறுவதைப் பற்றி: ஸ்டே கட்டிய மெல்லிய குழாய்க் கம்பத்தில் யாரும் ஏறக்கூடாது. படுக்க வைத்து மாட்டி, பிறகு நிமிர்த்துங்கள். தரையைவிட்டு எழும் முதல் நொடியில்தான் கயிற்றின் இழுவை மிக அதிகம், ஆட்களை அந்த நேரத்துக்காகச் சேருங்கள். ஏறுவதற்கென்றே கட்டிய டவராக இருந்தால், இடுப்புப் பட்டை போதாது, முழு உடல் ஹார்னஸ் வேண்டும். இரண்டு கொக்கிகளில் ஒன்றாவது எந்த நேரமும் டவரைப் பிடித்திருக்க வேண்டும். என் ஸ்பானர்கள் எல்லாவற்றுக்கும், கை நழுவினாலும் கீழே விழாமல் இருக்க, கயிற்று வால் உண்டு. கீழே நிற்கும் என் மகள் அந்த வாலைப் பார்த்த பிறகும் ஹெல்மெட்டைக் கழற்ற மாட்டாள். அவள் செய்வதுதான் சரி.

இவை எல்லாவற்றுக்கும் முன்பே பார்க்க வேண்டியது, கம்பம் எந்தத் திசையில் விழுந்தாலும் மின்கம்பியைத் தொடாத இடமா என்பது. தொடும் என்றால் வேறு இடம் பாருங்கள்.

கேள்வி: இடி இடித்தால் ரேடியோவிலிருந்து கேபிளைக் கழற்றிவிடுகிறேன். போதாதா?

பதில்: கழற்றிய முனை மேஜைமேல் கிடந்தால் மின்னல் அறைக்குள்தான் வந்து நிற்கும். கேபிளின் வெளியுறைப் பின்னலையும் மின்னல் தடுப்பானையும் வீட்டுக்கு வெளியே, சுவரில் நுழையும் முன்னரே எர்த்தில் இணையுங்கள். டவரின் எர்த், தடுப்பானின் எர்த், வீட்டு மின்சார எர்த் மூன்றையும் தடித்த கம்பியால் ஒன்றோடொன்று கட்ட வேண்டும். தனித்தனியாக விட்டால் அவற்றுக்கிடையே எழும் மின்னழுத்த வித்தியாசம் ரேடியோ வழியாகப் பாயும். துத்தநாகம் பூசிய டவர் காலில் வெறும் செம்புக் கம்பியை நேராக முடுக்காதீர்கள், ஈரத்தில் பூச்சு அரித்துப்போகும். இடையே எவர்சில்வர் தகடு வையுங்கள். இவ்வளவும் செய்தபிறகும் கேபிளைக் கழற்றும் பழக்கத்தை விடவேண்டாம். ஆனால் வானம் தெளிவாக இருக்கும்போதே, உபயோகித்து முடித்தவுடன் கழற்றுங்கள். இடி கேட்ட பிறகு அந்தக் கனெக்டரில் கைவைக்காதீர்கள்.