பச்சைக்கறி கொடுக்கலாமா? நாய் வளர்ப்பவர்களின் கேள்விகளுக்கு ஒரு கால்நடை மருத்துவரின் பதில்கள்

இருபது வருடத்துக்கு மேலாக நாய்களுக்கு வைத்தியம் பார்க்கிறேன். சமைக்காத இறைச்சி, எலும்பு, ஈரல் என்று கொடுக்கும் பழக்கம் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நீளமான கேள்விகளைக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன்.

டாக்டர், நாய் ஓநாயின் வம்சம். ஓநாய் சமைத்தா தின்கிறது? பச்சைக்கறிதானே இயற்கை?

வம்சம் சரிதான். ஆனால் மனிதனோடு பல்லாயிரம் வருடம் வாழ்ந்ததில் நாயின் உடம்பும் மாறிவிட்டது. மாவுச்சத்தைச் செரிக்க வைக்கும் அமைலேஸ் மரபணு ஓநாயிடம் இரண்டு பிரதிகள்தான் இருக்கும். நாயிடம் 4 முதல் 30 வரை இருப்பதை 2013-ல் வெளியான ஒரு ஆய்வு காட்டியது. காட்டு ஓநாய் வயிற்றில் புழுவோடும் உடைந்த பல்லோடும் சில வருடங்கள் வாழ்ந்து போய்விடும். நம் நாய் பன்னிரண்டு, பதினான்கு வருடம் நம்மோடு இருக்க வேண்டும் என்றல்லவா ஆசைப்படுகிறோம்?

மாற்றிய இரண்டே மாதத்தில் முடி பளபளக்கிறது, மலம் குறைந்து கெட்டியாகிவிட்டது, கிண்ணத்தை நக்கித் துடைக்கிறான். இதெல்லாம் பொய் என்கிறீர்களா?

நிச்சயமாக இல்லை. நானே பார்த்திருக்கிறேன். கொழுப்பு கூடினால் முடி மினுமினுக்கும். இறைச்சி நன்றாகச் செரிப்பதால் கழிவு குறையும். ருசி பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆனால் இந்த நன்மைகள் பெரும்பாலும் இறைச்சியால் வருபவை, அது பச்சையாக இருப்பதால் அல்ல. அதே கறியை வேகவைத்து, வெந்த நீரோடு கொடுத்தாலும் இவை கிடைக்கும். பச்சையாகக் கொடுத்தால் ஆயுள் கூடும், நோய் எதிர்ப்பு கூடும் என்பதை நிரூபித்த ஆய்வு எதையும் நான் பார்த்ததில்லை. இன்னொன்று: மலம் வெளுத்து, சுண்ணாம்புக்கட்டி போல உதிர்ந்தால் அதை நல்ல அறிகுறி என்று நினைக்காதீர்கள். எலும்பு அதிகமாகிவிட்டது, மலச்சிக்கல் வரப்போகிறது என்று அர்த்தம்.

பெரிய இனக் குட்டிக்கு வெறும் கறி கொடுத்தால் நன்றாக வளருமா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். நான்கு மாதக் குட்டி ஒன்றைத் துண்டில் சுற்றித் தூக்கி வந்தார்கள். எலும்பில்லாத நல்ல கறி மட்டுமே கொடுத்து, ஆசையாக வளர்த்திருந்தார்கள். சோபாவிலிருந்து இறங்கியபோது தொடை எலும்பு முறிந்துவிட்டது. சோபா முழங்கால் உயரம்கூட இல்லை. எக்ஸ்-ரேயில் எலும்புக்கும் சதைக்கும் வித்தியாசமே தெரியவில்லை, அவ்வளவு மங்கல்.

காரணம் எளிது. குட்டிக்குக் கால்சியமும் பாஸ்பரஸும் 1:1 முதல் 2:1-க்குள் இருக்க வேண்டும். வெறும் சதையில் பாஸ்பரஸ்தான் கால்சியத்தைப் போலப் பதினைந்து, இருபது மடங்கு. ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் உடம்பு சும்மா இருக்காது, எலும்பைக் கரைத்து எடுத்துக்கொள்ளும். அதற்காகக் கால்சியத்தை அள்ளிப் போட்டாலும் ஆபத்து. பெரிய இனக் குட்டிகளுக்கு அதிகக் கால்சியமே எலும்பைக் கோணலாக்கும்.

வாங்கியதும் ஃப்ரீசரில் வைத்துவிடுகிறேன். கிருமி செத்துவிடாதா?

சாகாது. சில புழுக்கள் சாகும், பாக்டீரியா தூங்கும், அவ்வளவுதான். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2010-12-ல் கடையில் விற்கும் பச்சை செல்லப்பிராணி உணவுகளில் 196 மாதிரிகளைச் சோதித்தது. 15-ல் சால்மோனெல்லா, 32-ல் லிஸ்டீரியா மோனோசைட்டோஜீன்ஸ் என்ற நோய்க்கிருமிகள் இருந்தன. வினிகரில் ஊறவைப்பதும் மஞ்சள் தடவுவதும் வேகவைப்பதற்கு ஈடாகாது.

இரண்டு வருடமாகக் கொடுக்கிறேன், என் நாய்க்கு ஒரு பேதிகூட வந்ததில்லை. வீட்டில் எட்டு மாதக் குழந்தை இருக்கிறது. தொடரலாமா?

வேண்டாம் அம்மா. உங்கள் நாய்க்காகச் சொல்லவில்லை, குழந்தைக்காகச் சொல்கிறேன். நன்றாக ஓடியாடும் நாயின் மலத்திலும் சால்மோனெல்லா வெளியேறும். அதே வாயால் பின்புறத்தை நக்கும், பிறகு குழந்தையின் கையை நக்கும். அந்தக் கை நேராக வாய்க்குத்தான் போகும். கிண்ணத்தைச் சோப்புப் போட்டுத் தேய்த்த பிறகும் அதில் கிருமி மிஞ்சியதை ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். கர்ப்பிணி, வயதானவர், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர் யார் வீட்டில் இருந்தாலும் என் பதில் இதேதான்.

வேகவைத்த எலும்பு சிலும்பாக உடையும், பச்சை எலும்பு பரவாயில்லை என்கிறார்களே?

வேகவைத்தது கூடவே கூடாது. பச்சை எலும்பு அதைவிடப் பரவாயில்லை, ஆனால் பத்திரம் என்று சொல்ல முடியாது. குடலில் அடைப்பதும் உண்டு. மாட்டுத் தொடை எலும்பைக் கடித்த நாய்களுக்கு மேல்தாடையின் பெரிய கடைவாய்ப்பல் பலகை பெயர்வது போலப் பெயர்ந்து, உள்ளே நரம்பு சிவப்புப் புள்ளியாகத் தெரிவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். வலித்தாலும் நாய் சாப்பிடுவதை நிறுத்தாது. அதனால் வீட்டாருக்கு மாதக்கணக்கில் தெரியவே தெரியாது.

பன்றி, மீன், பச்சை முட்டை, ஈரல்?

பச்சைப் பன்றிக்கறி: வேண்டாம், அதில் வரும் ஔஜெஸ்கி என்ற வைரஸ் நோய் நாயைக் கொன்றுவிடும். மீன்: வேகவைத்தே கொடுங்கள், சில பச்சை மீன்கள் வைட்டமின் பி1-ஐ அழிக்கும். முட்டையும் வேகவைத்ததே மேல். ஈரல்: கொஞ்சம் போதும், தினமும் நிறையக் கொடுத்தால் வைட்டமின் ஏ சேர்ந்து நஞ்சாகும். ஆடு மாடுகளின் பச்சை ஈரல், நுரையீரலில் நாடாப்புழுவின் கட்டிகள் இருக்கலாம். நாய்க்கு அந்தப் புழு வந்தால் பெரிதாகத் தெரியாது. அதன் முட்டை நம் வயிற்றுக்குள் போனால் நம் ஈரலில் நீர்க்கட்டி வளரும்.

கோழிக் கழுத்து?

கொடுக்காதீர்கள். ஆஸ்திரேலியாவில் 2018-ல் வெளியான ஆய்வு, பச்சைக் கோழியில் இருக்கும் கேம்பிலோபாக்டர் கிருமியை நாய்களின் கால்கள் திடீரெனச் செயலிழக்கும் நோயோடு தொடர்புபடுத்தியது. பின்னங்கால் தளர்ந்து, குரைப்பு மாறினால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள்.

கணைய அழற்சி வந்து தேறிய நாய்க்கு?

கூடாது. கொழுப்புதான் அந்த நாய்க்கு எதிரி.

சரி, பாக்கெட் உணவு எனக்குப் பிடிக்கவில்லை. என்னதான் செய்வது?

கறியை உள்வரை வேகவையுங்கள், கோழியென்றால் நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும். வளர்ந்த நாய்க்கு அரைக் கிலோ எலும்பில்லாத கறிக்கு அரை டீஸ்பூன் முட்டை ஓட்டுத் தூள் கால்சியத்தை ஓரளவு சரிக்கட்டும். ஆனால் அயோடின், துத்தநாகம், வைட்டமின் டி, ஈ அதில் வராது. ஆகவே நாயின் எடை, வயதைச் சொல்லி, உணவியல் படித்த கால்நடை மருத்துவரிடம் ஒரு பட்டியல் எழுதி வாங்குங்கள். அப்புறம் நீங்களாக அதில் எதையும் மாற்ற வேண்டாம்.

டாக்டர், குட்டி பற்றிய பதிலைப் படித்ததிலிருந்து தூக்கமில்லை. ஆறு வாரமாக என் குட்டிக்கும் வெறும் கறிதான். ஓடமாட்டேன் என்கிறது, தொட்டால் கத்துகிறது.

பயத்தில் நீங்களே கால்சியம் மாத்திரை கொடுத்துவிடாதீர்கள். நாளைக் காலையிலேயே எக்ஸ்-ரே எடுத்துப் பாருங்கள். எலும்பு முறியாமல் இருந்தால் பெரும்பாலான குட்டிகள் சரியான குட்டி உணவுக்கு மாறிய சில வாரங்களிலேயே தேறிவிடும். அதுவரை படி ஏற விடாதீர்கள், குதிக்க விடாதீர்கள், சின்ன இடத்தில் மெத்தை போட்டு வையுங்கள். தூக்கும்போது ஒரு கையை நெஞ்சுக்கு அடியிலும் மறு கையைப் பின்தொடைகளுக்கு அடியிலும் கொடுத்து மெதுவாகத் தூக்குங்கள். எக்ஸ்-ரே பார்த்ததும் எனக்கு எழுதுங்கள்.