அரசு மேல்நிலைப் பள்ளி மாணவர்களும் மற்றவர்களுக்கு இணையாக நல்ல கல்லூரிகளில் சேர, பள்ளிகள் என்ன செய்ய வேண்டும்?

வட மாவட்டம் ஒன்றில், அரசு மேல்நிலைப் பள்ளியில் கணித முதுகலை ஆசிரியராக இருக்கிறேன். இந்தக் கேள்விக்கு வழக்கமாக வரும் பதில்கள் நீட், ஸ்மார்ட் போர்டு, ஆங்கிலப் பேச்சு என்று போகும். அவையும் தேவைதான். ஆனால் எங்கள் பிள்ளைகள் அதிகம் இழப்பது இரண்டு நேரங்களில். ஒன்று, பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்தவுடன் குரூப் எடுக்கும் நாட்கள். மற்றொன்று, பிளஸ் டூ தேர்வு முடிந்து கல்லூரி திறக்கும் வரை உள்ள மாதங்கள். படித்த குடும்பத்தில் இந்த நேரத்தில் அப்பாவோ சித்தியோ மாமாவோ உடன் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு அந்த இடத்தில் யாரும் இல்லை. அங்கே பள்ளி இருக்க வேண்டும் என்பதுதான் என் பதில்.

தமிழ்நாட்டில் கல்லூரிக்குப் போகிறவர்கள் குறைவில்லை. 2021-22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி உயர்கல்விச் சேர்க்கை விகிதம் இங்கே 47 சதவீதம், நாடு முழுவதும் 28.4 சதவீதம். எந்தக் கல்லூரி, எந்தப் பாடம், படிப்பை முடிக்கிறார்களா என்று கேட்கும்போதுதான் வித்தியாசம் தெரிகிறது.

முதலில் குரூப் விஷயம். கணக்கில் ஐம்பது மார்க் எடுத்த பையனிடம் "உனக்கு சயின்ஸ் குரூப் தாங்காது தம்பி, மூணாவது குரூப்பில் சேர்ந்துக்கோ" என்று சொல்லிவிடுவது பல பள்ளிகளில் சாதாரணமாக நடக்கிறது. வணிகவியல் நல்ல படிப்பு, அதை விரும்பி எடுப்பவர்களைப் பற்றி நான் பேசவில்லை. ஆனால் அந்த ஒரு வாக்கியத்தோடு பொறியியல், பி.எஸ்சி. நர்சிங், வேளாண்மை எல்லாம் அவனுக்கு மூடிவிடுகின்றன என்பதை அந்த வீட்டில் யாருக்கும் யாரும் சொல்வதில்லை. இதற்குப் பின்னால் இருப்பது நூறு சதவீதத் தேர்ச்சி என்கிற அழுத்தம். மாவட்டக் கூட்டத்தில் ஒரு தலைமையாசிரியரை எழுப்பிக் கேட்பது தேர்ச்சி விகிதத்தைத்தான். "போன வருஷம் முடித்தவர்களில் எத்தனை பேர் இப்போது எந்தக் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறார்கள்?" என்று அதே அழுத்தத்தோடு கேட்டால், சுமாராகப் படிக்கும் பிள்ளையை ஓரம் தள்ளும் பழக்கம் தானாகக் குறையும். பெண் பிள்ளைகள் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. பக்கத்துப் பள்ளியில் உயிரியல் குரூப் இல்லையென்றால், பஸ் ஏறிப் போய்ப் படிக்க அனுப்பாமல், இருக்கிற குரூப்பில் சேர்த்துவிடுவார்கள். அப்படிப்பட்ட ஊரில் ஒரு குரூப்பைத் தொடங்கி, அதற்கு நிரந்தர ஆசிரியர் போடுவது எந்தத் திட்டத்தையும் விடப் பெரிய உதவி.

குரூப் எடுத்தபின், கட்ஆஃப் என்றால் என்னவென்று பிளஸ் ஒன்னிலேயே சொல்லிக்கொடுக்க வேண்டும். பொறியியல் கலந்தாய்வில் கணக்கு நூறுக்கும், இயற்பியலும் வேதியியலும் தலா ஐம்பதுக்கும் மாற்றப்பட்டு மொத்தம் 200. கணக்கில் 90, இயற்பியலில் 80, வேதியியலில் 84 எடுத்தால் 90 + 40 + 42, அதாவது 172. அறுநூறுக்கு 500 வாங்கிய பிள்ளையைவிட 480 வாங்கிய பிள்ளை இதில் முன்னால் நிற்க முடியும். இது தெரியாமல் மொத்த மார்க்கைப் பார்த்து வருத்தப்படுகிறவர்களும் நம்பிக்கை வைக்கிறவர்களும் ஏராளம்.

அடுத்து சான்றிதழ்கள். இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், ஏனென்றால் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது அற்பமாகத் தெரியும். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று எல்லாமே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர் (ஆர்.ஐ.) வழியாகத் தாலுகா அலுவலகம் வரை போக வேண்டியவை. ரிசல்ட் வந்தபின் போனால் மாவட்டமே அங்கே நிற்கும். அப்புறம் பெயர்ப் பிரச்சினை. ஆதாரில் இனிஷியல் பின்னால், மதிப்பெண் சான்றில் முன்னால், பள்ளிக் கல்வித்துறையின் ஆன்லைன் மாணவர் பதிவான எமிஸில் வேறு எழுத்துக்கூட்டல், ரேஷன் கார்டில் அப்பா பெயர் பாதி. ஒரு எழுத்துக்காக ஒரு விண்ணப்பம் திரும்பி வருவதை ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறேன். கூலி வேலைக்குப் போகும் அம்மாவுக்கு ஒவ்வொரு நடையும் ஒரு நாள் சம்பளம்.

பழங்குடிப் பிள்ளைகளுக்கு இது இன்னும் கடினம். அவர்களுக்கான சாதிச் சான்றைக் கோட்டாட்சியர்தான் தர வேண்டும், விசாரணை வேறு உண்டு. பெற்றோருக்கே சான்று இல்லாத இருளர் குடும்பங்களில் இது மாதக்கணக்கில் இழுக்கும். ஒரு நாள் முகாமில் முடிகிற வேலை அல்ல. ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்கி, பள்ளி சார்பில் ஒருவர் பின்தொடர வேண்டும். மற்றவர்களுக்கு, பிளஸ் ஒன் காலாண்டு விடுமுறையில் ஆரம்பித்தால் போதும். ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு ஃபைல், அதில் எது இருக்கிறது எது இல்லை என்று வகுப்பாசிரியர் கையெழுத்தோடு ஒரு தாள். இதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. ஆனால் ஆசிரியருக்கு நேரம் வேண்டும். ஏற்கெனவே எமிஸ் பதிவேற்றத்திலேயே பாதி நாள் போய்விடுகிறது. அதைக் குறைத்துவிட்டு இதைக் கொடுங்கள், மனதாரச் செய்வோம்.

பிளஸ் டூ ரிசல்ட் வரும் சமயத்தில் ஏஜெண்டுகளும் வந்துவிடுவார்கள். பையனின் செல் நம்பரை எப்படியோ வாங்கி, "கவுன்சலிங் எல்லாம் நாங்க பார்த்துக்கறோம், ஹாஸ்டல் ஃப்ரீ" என்று சொல்லி அசல் சான்றிதழ்களையும் கலந்தாய்வுக் கணக்கின் பாஸ்வேர்டையும் வாங்கிக்கொள்வார்கள். சேர்த்துவிடும் ஒவ்வொரு தலைக்கும் அவர்களுக்குக் கல்லூரியிலிருந்து கமிஷன். 2018-லிருந்து பொறியியல் கலந்தாய்வு ஆன்லைனில் நடக்கிறது. சென்னைக்கு அலைய வேண்டாம் என்பது பெரிய நிம்மதி, ஆனால் விருப்பப் பட்டியலை நிரப்பத் தெரியாத வீட்டில் அதுவே ஏஜெண்டுக்கு வழியாகிவிட்டது. நான்கைந்து கல்லூரி மட்டும் போட்டு, எதுவும் கிடைக்காமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளும் உண்டு. காரைக்குடி அழகப்பா செட்டியார் கல்லூரி அரசுக் கல்லூரி என்பதே தெரியாமல், பெயரைப் பார்த்துத் தனியார் என்று நினைத்துத் தாண்டிப் போகிறார்கள். ஜூன், ஜூலையில் பள்ளி கணினி ஆய்வகத்தைத் திறந்து வைத்து, ஓர் ஆசிரியரையும் இரண்டு முன்னாள் மாணவர்களையும் உட்கார வைத்தாலே இதில் பெரும்பகுதி சரியாகும். பாஸ்வேர்டும் ஓ.டி.பி.யும் மாணவர் கையிலேயே இருக்க வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2020-ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கென்று மருத்துவத்துக்கு வந்த 7.5 சதவீத உள்ஒதுக்கீடு, அதற்கு முன் மாநிலம் முழுவதும் ஒற்றை இலக்கத்தில் இருந்த, மருத்துவம் சேரும் எங்கள் பிள்ளைகளின் எண்ணிக்கையை மாற்றியது. 2021-ல் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்றவற்றுக்கும் அது வந்தது. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்து, இந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்குக் கட்டணத்தை அரசே கட்டுகிறது. கல்லூரியில் சேரும் மாணவிகளுக்கு 2022-ல் புதுமைப் பெண் திட்டம், மாணவர்களுக்கு 2024-ல் தமிழ்ப் புதல்வன், மாதம் ஆயிரம் ரூபாய் நேராக வங்கிக் கணக்குக்கு. பெண்ணைக் கல்லூரிக்கு அனுப்பலாமா என்று யோசிக்கும் வீட்டில் அந்த ஆயிரத்தின் எடையை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் இந்தப் பணம் சேர்ந்தபின்தான் வரும். போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை அதைவிடத் தாமதம். சேரும் வாரத்தில் ஹாஸ்டல் முன்பணம், பெட்டி, பாய், துணி, பஸ் செலவு எல்லாம் மொத்தமாக வந்து நிற்கும். வட்டிக்கு வாங்குகிறார்கள், இல்லையென்றால் "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்கிறார்கள். அந்த அடுத்த வருஷம் பெரும்பாலும் வருவதில்லை. பள்ளி மேலாண்மைக் குழுவும் முன்னாள் மாணவர்களும் சேர்ந்து இதற்கென்று ஒரு சிறு நிதி வைத்திருப்பது அவசியம்.

மாவட்ட மாதிரிப் பள்ளிகளைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கிருந்து ஐ.ஐ.டி. வரை போகிறார்கள், மகிழ்ச்சி. நன்றாகப் படிக்கும் பிள்ளைகளை எங்களிடமிருந்து அங்கே அனுப்பும்போது, மிச்சமிருப்பவர்களுக்கும் அதே தரத்தில் ஆசிரியர்கள் வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

பாடம் சார்ந்து ஒன்று. தேறுவதற்கு மட்டும் போதுமானதைச் சுருக்கித் தரும் மினிமம் மெட்டீரியலை மனப்பாடம் செய்து கணக்கில் தேறி வந்த பிள்ளை, முதல் செமஸ்டரில் மேட்ரிசஸும் கால்குலஸும் ஆங்கிலத்தில் வரும்போது திணறுகிறது. அரியர் விழுகிறது, வெட்கப்பட்டு வகுப்புக்குப் போவது நிற்கிறது. பிளஸ் டூ தேர்வு முடிந்தபின் உள்ள நீண்ட விடுமுறையில் நாலு வாரம், கணக்கின் அடிப்படையையும் தமிழ்வழியில் படித்த கலைச்சொற்களின் ஆங்கிலப் பெயர்களையும் மட்டும் எடுத்துப் பாருங்கள். தேர்வில்லாத வகுப்பு என்பதால் அவர்கள் கேட்கும் கேள்விகளே வேறு மாதிரி இருக்கும்.

கடைசியாக, ஃபெயிலானவர்கள். கல்லூரி பற்றிய பேச்சில் இவர்கள் பெயர் வருவதே இல்லை. துணைத்தேர்வு எழுதித் தேறினால் அதே ஆண்டில் துணைக் கலந்தாய்வு இருக்கிறது. பிளஸ் டூ தேறியவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம், அதை முடித்துப் பி.இ. இரண்டாம் ஆண்டுக்கும் போகலாம். ரிசல்ட் வந்த அன்றைக்கு ஜெயித்தவர்களுக்கு இனிப்பு கொடுத்துவிட்டு, மறுநாளே இவர்கள் வீட்டுக்குப் போக வேண்டும். அம்மா அப்பா இருவரும் வீட்டில் இருக்கும் மாலை நேரமாகப் பார்த்துப் போங்கள், துணைத்தேர்வு விண்ணப்பத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு.