மூக்கில் பெப்டைடு தெளித்தால் கன்றுக்கு நிமோனியா வராதா?

கேள்வி: வண்டியில் ஏற்றி வந்த பத்து நாளுக்குள் கன்றுகள் இருமல், காய்ச்சல், மூச்சிரைப்பு என்று படுத்துவிடுகின்றன. ஆன்டிபயாடிக்குக்குப் பதிலாகக் கிருமிகொல்லிப் பெப்டைடை மூக்கில் தெளித்துத் தடுக்கலாமா?

பதில்: இப்போதைக்கு முடியாது. ஏன் என்று தெரிந்தால், செய்ய வேண்டியதும் விளங்கிவிடும்.

அந்தப் பெப்டைடை, அதாவது கிருமியைக் கொல்லும் சிறு புரதத் துண்டை, மாட்டின் மூச்சுக்குழாயே சுரக்கிறது. 'டி.ஏ.பி.' (டிரக்கியல் ஆன்டிமைக்ரோபியல் பெப்டைடு) என்று பெயர், 1991இல் கண்டறியப்பட்டது. 38 அமினோ அமிலங்கள்தான். நேர்மின்னேற்றம் கொண்டது என்பதால், எதிர்மின்னேற்றம் கொண்ட பாக்டீரியாவின் மேல்பரப்பில் ஒட்டிச் சவ்வைச் சிதைக்கிறது.

நிமோனியாவுக்கு முக்கியக் காரணமான மான்ஹெய்மியா ஹீமோலிட்டிகா என்ற பாக்டீரியா, நோயில்லாத கன்றின் மூக்கிலும் இருக்கும். பயணம், பால் மறக்கடித்தல், புது மந்தை என்று அலைக்கழியும்போது கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் ஏறுகிறது, பெப்டைடு சுரப்பு குறைகிறது. அந்த நேரம் பார்த்து வைரஸும் தொற்றினால், மூக்கிலிருந்த பாக்டீரியா பெருகி நுரையீரலுக்கு இறங்கிவிடும்.

குறைந்ததை வெளியிலிருந்து கொடுப்போம் என்று, டி.ஏ.பி.யை நுண்துளியாக்கிக் கன்றுகளைச் சுவாசிக்கவைத்துப் பார்த்தார்கள். சோதனைக் குழாயில் கிருமியைக் கொன்ற அதே பெப்டைடு கன்றைக் காப்பாற்றவில்லை. மூச்சுக்குழாய் ஈரத்தில் இருக்கும் உப்பு அதன் மின்னேற்றத்தை மறைத்து, கிருமியில் ஒட்டவிடாமல் செய்வதே இதற்குச் சொல்லப்படும் முக்கியக் காரணம்.

ஆகவே கன்றின் சொந்தச் சுரப்பைக் காப்பாற்றுங்கள். பயணத்துக்கு 4 வாரம் முன்பே பால் மறக்கடித்துவிடுங்கள். தடுப்பூசி 2, 3 வாரம் முன்பே முடிந்திருக்க வேண்டும்; வண்டி ஏற்றும் நாளில் போட்டால் எதிர்ப்பு உருவாகுமுன் நோய் முந்திக்கொள்ளும். கொட்டகையில் கன்றின் மூக்கு உயரத்துக்குக் குனிந்து மூச்சிழுங்கள். கண் எரிந்தால் அமோனியா அதிகம். படுக்கையை மாற்றுங்கள், காற்றோட்டத்தைக் கூட்டுங்கள். வந்தபின் 2 வாரம், தினமும் வெயில் ஏறுமுன் காய்ச்சல் பாருங்கள். தெர்மாமீட்டர் முனை சாணத்துக்குள் நிற்காமல் ஆசனவாய்ச் சுவரைத் தொட வேண்டும், இல்லையேல் அளவு குறைத்துக் காட்டும். 40 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் இருமலுக்காகக் காத்திராமல் அன்றே மருத்துவரை அழையுங்கள்.

கேள்வி: பெப்டைடுக்கு எதிராகக் கிருமிகள் எதிர்ப்புத்திறன் பெறவே முடியாது என்கிறார்களே?

பதில்: தவறு. கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கும் பெப்டைடு வகை மருந்துதான். மேல்பரப்பின் மின்னேற்றத்தைக் குறைத்து அதிலிருந்து தப்பும் பாக்டீரியாக்கள் உண்டு. அந்தத் திறனைத் தரும் எம்.சி.ஆர்.-1 மரபணு ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடியது என்பது 2015இல் சீனாவில் தெரியவந்தது.